பளிங்குத் தரையும் பாதச் சுவடும்

சுலைமான் நபி (அலை) அவர்களின் மாளிகைக்குள் அடியெடுத்து வைத்த சபா நாட்டு அரசி, எதிரே விரிந்து கிடந்த தளத்தை நீர்த்தடாகம் என்று எண்ணித் தம் ஆடையைக் கணைக்காலுக்கு மேல் உயர்த்திக்கொண்ட செய்தி, திருக்குர்ஆனின் இருபத்தேழாம் அத்தியாயமான அந்நம்லில் வருகிறது. அது நீரன்று, பளிங்கு இழைத்த தளம் என்பது அப்போதே அவருக்கு எடுத்துரைக்கப்படுகிறது. நாம் இவ்விடத்தைப் பன்முறை ஓதியிருக்கிறோம். உரையாசிரியர்கள் கூறிய விளக்கங்களைக் கேட்டும் இருக்கிறோம். ஆயினும் கண் ஏமாறுவதைப் பற்றிய ஒரு வரலாறாக அதை எண்ணிப் பார்க்க நேர்ந்தது, 2017ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் விருதுநகரிலிருந்து குடும்பத்தாருடன் சென்னைக்குப் பயணமானபோதுதான்.

சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில், வி.ஜி.பி. வளாகத்தில், 2016ஆம் ஆண்டில் ‘கிளிக் ஆர்ட் மியூசியம்’ என்னும் கூடம் திறக்கப்பட்டது. ஓவியர் ஏ.பி.ஸ்ரீதர் உருவாக்கிய அக்கூடம், இவ்வகையில் இந்தியாவிலேயே முதலாவது என்று அறிவிக்கப்பட்டது. தென்கொரியாவின் சோல் நகரில் 2010இல் தொடங்கிய ‘டிரிக் ஐ’ அருங்காட்சியகமும், குரோவேசியாவின் ஸாக்ரெப் நகரில் 2015இல் தோன்றிய ‘மாயத் தோற்ற அருங்காட்சியக’மும் இதன் உறவினர்கள். சுவரில் தொடங்கும் ஓவியம் தரையிலும் இறங்கி ஓடும். பார்வையாளர் அதன் நடுவே சென்று நிற்பார். உடன் வந்தவர் குறித்த இடத்திலிருந்து படம் பிடிப்பார். படத்தில் அவர் பாதாளத்தின் விளிம்பில் தொங்குவார். விலங்கின் வாயில் அகப்பட்டிருப்பார். சட்டகத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவார்.

இத்தகைய கூடங்களை மலிவான கேளிக்கை என்று ஒதுக்கிவிடுவது கற்றோர்க்கு எளிது. நாம் அவ்வாறு ஒதுக்கவில்லை. ஓவியக் கூடம் என்றாலே ‘தொடாதீர்’ என்னும் பலகையும், காலோசை கேட்டால் முகம் சுளிக்கும் காவலரும் நினைவுக்கு வரும் நம் நாட்டில், ஓவியத்தின்மீது சாய்ந்து நிற்க ஒரு பாட்டியாரை அழைக்கும் இடம் சிறு காரியம் செய்யவில்லை. எம்முடன் வந்தவர்களுள் வாழ்நாளில் ஓர் ஓவியத்தை இரண்டு நிமிடம் உற்று நோக்கியிராதவர்களும் இருந்தனர். அன்று அவர்கள், கோடு எங்கே வளைகிறது, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று தமக்குள் வாதிட்டுக்கொண்டதைக் கண்டோம்.

நம் வட்டாரத்தாருக்கு இது முற்றிலும் புதியதுமன்று. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் சி.கொண்டையராஜு (1898–1976) நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதியவர். தட்டையான துணியில் நீண்ட அரச வீதியையும் தூண் வரிசையையும் காட்டிய அக்கை, குழு கலைந்த பிறகு கோவில்பட்டியிலேயே தங்கி, சீடர்களோடு புகைப்பட நிலையமும் நடத்தி, நாட்காட்டிப் படங்களையும் வரைந்தது. அப்படங்களைச் சிவகாசியின் அச்சகங்கள் இந்தியாவெங்கும் கொண்டுசென்றன. மேடைத் திரை, புகைப்பட நிலையத்தின் பின்திரை, நாட்காட்டி ஆகிய மூன்றும் இவ்வாறு ஒரே பட்டறையில் கூடின. புகைப்பட நிலையங்களில் ஓவிய மாளிகையின் படிக்கட்டருகே கைகட்டி நின்ற நம் பாட்டனார் தலைமுறையும், பொருட்காட்சியில் அட்டை விமானத்தின் சன்னலில் தலைநீட்டிப் படம் எடுத்துக்கொண்ட நாமும், இந்த ‘புதுமை’யின் பழைய வாடிக்கையாளர்களே. கூடத்தைப் போற்றுவோர் கொரியாவை நினைவுகூர்கின்றனர். கோவில்பட்டியை நினைப்பாரைக் காணோம்.

இனிக் குறைக்கு வருவோம். கூடத்தில் சுற்றி வந்தபோது ஒன்று நமக்குப் புலப்பட்டது. அங்கிருந்த மாயம் எதையும் நம் கண்கள் காணவில்லை. எதிரே நிற்கையில் அது வண்ணம் பூசிய சுவராகவே இருந்தது. கைபேசித் திரையில் பார்த்தபோதுதான் பள்ளம் பள்ளமாயிற்று. காரணம் எளியது. நமக்குக் கண்கள் இரண்டு. அவை சற்றே வேறுபட்ட இரு காட்சிகளைப் பெற்று ஒப்பிட்டுத் தொலைவை அறிகின்றன. தலையைச் சிறிது அசைத்தாலும் அருகிலுள்ளது விரைந்தும் தொலைவிலுள்ளது மெதுவாகவும் நகர்ந்து உண்மையைக் காட்டிக்கொடுத்துவிடும். படக்கருவிக்கோ கண் ஒன்று. அதுவும் அசையாத கண். ஆகவே இக்கலையின் உண்மையான பார்வையாளர் மனிதரல்லர், கருவியே.

இதனை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்து வைத்தவர் பஸராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த இப்னுல் ஹைதம் (965–ஏறத்தாழ 1040). ஏழு பகுதிகள் கொண்ட அவருடைய ‘கிதாபுல் மனாளிர்’ இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, 1572இல் பாஸல் நகரில் அச்சேறியது. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழங்கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுள் புகுகிறது என்று அவர் நிறுவியதை நம்மவர் மேடைதோறும் பெருமையுடன் கூறுவர். அந்நூலின் மூன்றாம் பகுதி முழுவதும் பார்வையின் பிழைகளைப் பற்றியது என்பதை அத்துணைப் பேர் கூறக் கேட்டதில்லை. நம் பெருமைகளில் பாதி, நூலைத் திறவாமலே பேசப்படுவது வருந்தத்தக்கது.

காண்பது என்பது வெறும் ஒளியைப் பெறுதல் அன்று, அறிந்தவற்றோடு ஒப்பிட்டு அறிவு கண்ணிமைப் பொழுதில் செய்யும் ஓர் அனுமானமும் அதில் அடங்கும் என்பது அவருடைய கருத்து. அவ்வனுமானம் மிக விரைவாக நிகழ்வதால் நாம் அதை உணர்வதில்லை. தொலைவு, எதிர்நிலை, ஒளி, பொருளின் அளவு, பார்ப்பதற்குக் கிடைக்கும் காலம் முதலியன தத்தம் அளவில் அமைந்தால் பார்வை நேரிதாகும். அவற்றுள் ஒன்று எல்லை கடந்தாலும் பிழை நேரும். சென்னைக் கூடத்தின் ஓவியர் செய்திருப்பதும் இதுவே. நிற்குமிடத்தை ஒன்றாகக் குறுக்குகிறார், கண்ணையும் ஒன்றாக்குகிறார், படத்தை உறைய வைப்பதால், உற்று நோக்கித் திருத்திக்கொள்ளும் காலத்தையும் பறித்துவிடுகிறார். இப்னுல் ஹைதம் பிழையின் காரணங்களாக வகுத்தவற்றை இவர் செய்முறையாக்கிக்கொண்டார் எனலாம். அதில் குற்றமில்லை. ஓவியத்தின் அருகே அதன் சூத்திரத்தை நான்கு வரியில் எழுதி வைத்திருக்கலாமே என்பதே நம் ஆதங்கம்.

இதனைச் சிறு குறையென்று நாம் கருதவில்லை. சபா அரசியின் வரலாற்றில் மயக்கமும் தெளிவும் அடுத்தடுத்து வருகின்றன. தளம் அவரை ஏமாற்றியவுடன், அது பளிங்கு என்ற சொல் அவர் செவியில் விழுகிறது; தாம் கண்டதைத் தாமே ஐயுற அவர் கற்றுக்கொள்கிறார்; அதுகாறும் கொண்டிருந்த நம்பிக்கையையும் மீள நோக்குகிறார். ஏழாம் அத்தியாயத்தில் வரும் ஃபிர்அவ்னின் சூனியக்காரர்களும் மக்களின் கண்களை மயக்கியவர்களே. அவர்கள் தெளிவைத் தரவில்லை. அச்சத்தை விதைத்து அதனை வளர்த்துக்கொண்டனர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘அல் முன்கித்’ நூலில் புலன்களை ஐயுறத் தொடங்கியபோது எடுத்தாண்டதும் இத்தகைய காட்சிகளையே: அசையாததாய்த் தோன்றும் நிழல் சற்று நேரத்தில் நகர்ந்திருப்பதும், நாணயம் அளவாய்த் தோன்றும் விண்மீன் பூமியினும் பெரிதாயிருப்பதும். அவரைப் பொறுத்தவரை கண்ணின் பிழை ஒரு பெரும் தேடலின் வாயில். நம் கூடங்களிலோ வாயிலிலேயே படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம்.

படம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தின் முஃப்தியாக விளங்கிய முஹம்மது பகீத் அல்முதீஈ அவர்கள், புகைப்படம் ஆகுமானதே என்று தனி நூல் எழுதினார்கள். புகைப்படக்காரர் எதையும் புதிதாய்ப் படைப்பதில்லை, இருக்கும் ஒன்றன் நிழலைப் பிடித்து நிறுத்துகிறார் என்பது அவர்களது வாதத்தின் சாரம். அதனை ஏற்றோரும் மறுத்தோரும் உளர். அவ்விவாதத்தில் இறங்குவது இங்கு நம் நோக்கமன்று. உள்ளதன் நிழல் என்ற அந்த நம்பிக்கையை முதலாக வைத்தே இக்கூடங்கள் வாணிகம் செய்கின்றன என்பதையே சுட்டுகிறோம். ஓவியத்தில் புலி பாய்ந்தால் எவரும் நம்பார். புகைப்படத்தில் பாய்ந்தால் ஒரு கணம் நெஞ்சு துணுக்குறும். இல்லாததன் நிழலை நாளெல்லாம் கைபேசியில் கண்டு வாழும் இன்றைய நிலையில், அக்கணத்தின் மதிப்பும் தேய்ந்து வருகிறது.

ஒரே இடத்தில் நிற்கச் செய்யாமலும் கண்ணை மயக்க முடியும் என்பதற்குத் தாராசுரம் போதிய சான்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயிலில் காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பம் ஒன்று உண்டு. ஓர் உடலைக் கையால் மறைத்தால் காளை. மற்றதை மறைத்தால் யானை. எந்தப் பக்கம் நின்று பார்ப்பினும் இரண்டும் அங்கேயே இருக்கின்றன. எதையும் சிற்பி ஒளிக்கவில்லை. ஹான்ஸ் ஹோல்பைன் 1533இல் தீட்டிய ‘தூதர்கள்’ ஓவியத்தில் அடியில் சிதைந்து கிடக்கும் கறை, ஓரமாக நகர்ந்து சென்று சாய்வாகப் பார்ப்பவருக்கு மண்டையோடாகிறது. அங்கே ஓவியர் நம்மை நகரச் சொல்கிறார். கிரானடாவின் அல்ஹம்ராவிலோ நடக்க நடக்கக் கோலங்கள் ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டே வருகின்றன. 1922இலும் 1936இலும் அங்குச் சென்று அவ்வோட்டு வேலைப்பாடுகளை ஆராய்ந்த டச்சு ஓவியர் எஷர், பிற்காலத்தில் கண்மாயக் கலையின் முதல்வராக அறியப்பட்டார். இவற்றோடு ஒப்பிடுகையில், ‘இங்கே நில்’ என்று தரையில் பாதச் சுவடு பதித்து வைக்கும் இக்காலக் கூடங்களின் வழக்கம் நமக்கு வறுமையாகவே படுகிறது.

எம்முடன் வந்த எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் மட்டும் சுவடுகளை மதிக்கவில்லை. ஓவியத்தின் பக்கவாட்டில் தரையோடு தரையாகப் படுத்து, வண்ணம் எப்படி நீளமாய் இழுபட்டுக் கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். படமெடுக்கக் காத்திருந்தவர்கள், “தம்பி, கொஞ்சம் தள்ளிக்கோப்பா” என்றனர். அன்றைய கூட்டத்தில் கட்டணத்துக்கு உரிய பயனைப் பெற்றவன் அவன் ஒருவனே என்பது நம் கருத்து.

ஊர் திரும்பியபின் இச்சிந்தனை நம்மைச் சிவகாசிப் பக்கம் இழுத்தது. கம்பி மத்தாப்பைச் சுழற்றினால் நெருப்பு வட்டம் தோன்றுவதைத் தமிழ்நாட்டில் அறியாத பிள்ளை இல்லை. சுழலும் புள்ளி வட்டமாகவும், விழும் மழைத்துளி நேர்கோடாகவும் தோன்றுவதை எடுத்துக்காட்டி, புலன் பெற்றதைப் பிடித்து வைக்கும் ஓர் அகப்புலன் உண்டு என்று வாதிட்டார் இப்னு ஸீனா. கௌடபாதரின் மாண்டூக்ய காரிகையும் தன் இறுதி அத்தியாயத்துக்குச் சுழலும் கொள்ளிக்கட்டையையே உவமையாக்கிக்கொண்டது. மெய்யறிவாளர் பலரை ஆட்கொண்ட அந்தக் காட்சி, நம் மாவட்டத்தில் பெட்டி பெட்டியாகக் கட்டப்பட்டு லாரி ஏறுகிறது.

அதற்கும் நிற்குமிடம் ஒன்று உண்டு. நகரத்து மொட்டைமாடியே அது. அங்கிருந்து நோக்கினால் வானில் பூ விரியும். பட்டாசுக் கொட்டகையின் பக்கமிருந்து நோக்கினால், அலுமினியப் பொடி அப்பி வெள்ளியாய் மின்னும் கைகளும், உராய்வுக்கு அஞ்சி மெல்ல மெல்லக் கலக்கப்படும் மருந்தும் தெரியும். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் நாற்பதுக்கு அண்மையானோர் மாண்டனர். அதன் பிறகும் விபத்துகள் நின்றபாடில்லை. உச்ச நீதிமன்றம் 2018இல் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தபோது, பச்சை ஒளி எங்கிருந்து வந்தது என்பதைப் பலர் முதன்முறையாக அறிந்தனர். தொழிலே வேண்டாம் என்று கூற நமக்கு உரிமையில்லை. இக்கரிசல் பூமியில் மழை பொய்த்த ஆண்டுகளில் அடுப்பெரியச் செய்தது அது. பாதச் சுவட்டை விட்டு ஓரடி விலகி நின்று பார்ப்பவர்க்கு எது தெரியும் என்பதைச் சொல்லும் கடமை, இவ்வட்டாரத்தில் வாழும் நமக்குச் சற்றுக் கூடுதலாக உண்டு.

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர் என்பதும், அத்தீப்பெட்டிகளுக்கு லேபிள் தேவைப்பட்டதால் ஊரில் அச்சுத்தொழில் வேரூன்றியது என்பதும் பலரும் அறிந்தவை. அவ்வச்சகங்கள்தாம் இன்று தொழுகை நேரங்களும் ஹிஜ்ரித் தேதியும் தாங்கிய நம் வீட்டு நாட்காட்டிகளையும் அச்சிட்டுத் தருகின்றன. சென்னையிலிருந்து வந்த சில வாரங்களில், பள்ளிவாசல் நாட்காட்டி வேலையாக அத்தகைய அச்சகம் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். ஆஃப்செட் பொறியிலிருந்து மதீனாவின் பச்சைக் குவிமாடம் தாள் தாளாக வந்து விழுந்துகொண்டிருந்தது. நிறம் நன்றாக வந்திருக்கிறதே என்றோம். மூத்த அச்சுத் தொழிலாளி ஒருவர் தம் சட்டைப் பையிலிருந்த சிறு பூதக்கண்ணாடியை எடுத்துத் தாளின்மீது வைத்து, “இதுல கண்ண வச்சுப் பாருங்க பாய்” என்றார். நீலப் புள்ளிகளும் மஞ்சள் புள்ளிகளும் நெருக்கமாக நின்றுகொண்டிருந்தன. பச்சை மை அங்கே ஒரு துளியும் இல்லை.