அம்புக்குக் கீழே ஓர் 'ஐ'

அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்களைக் கவனித்திருக்கிறேன். வாள்களுக்கு முன்னால் நிற்பார்கள். பீரங்கிக்குப் பக்கத்தில் படம் எடுத்துக்கொள்வார்கள். துப்பாக்கி வரிசை வந்ததும் நடை வேகமாகிவிடும். கேட்டால், "எல்லாம் ஒரே மாதிரிதானே சார் இருக்கு" என்பார்கள். எனக்கு ஆற்றாமையாக இருக்கும். வெண்கலச் சிலையைப் பார்த்துப் பல்லவர் காலமா சோழர் காலமா என்று வாதாடுகிற ஊர் இது. தான் பிறந்த ஊர், வருஷம், எஜமான் எல்லாவற்றையும் எழுத்தாகவே உடம்பில் சுமந்து நிற்கிற ஒரு பொருளை ஏன் திரும்பிப் பார்க்காமல் போகிறோம்? சோழர் கல்வெட்டைப் படிக்கப் பழைய எழுத்து பழக வேண்டும். இதைப் படிக்க ஒரு மத்தியானம் போதும்.

ஒரே ஒரு துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். லீ-என்ஃபீல்டு. நம் ஊர்க் காவல் நிலைய வாசலில் பாராக்காரர் தோளில் தொங்கிய 'திரீ நாட் திரீ' அதுதான். என்.சி.சி.யில் அணிவகுப்புப் பழகியவர்களில் பலர் அதன் கனத்தைத் தோளில் உணர்ந்திருப்பார்கள். பயிற்சிக்கு மட்டும் என்று ஒதுக்கியதில் டி.பி. என்ற எழுத்து இருக்கும். ஜேம்ஸ் பாரிஸ் லீ வடிவமைத்த இயக்கம், லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலை, இரண்டும் சேர்ந்த பெயர். நெட்டையான முதல் மாடல் 1895-ல் வந்தது, குட்டை மாடல் 1903 வாக்கில், அதன் புகழ்பெற்ற மூன்றாம் வடிவம் 1907-ல்.

பார்க்க வேண்டிய இடம் வலப்பக்கம். போல்ட் கைப்பிடிக்குப் பின்னால், மரக்கட்டை இரும்புக்குள் செருகும் வளையம். பட் சாக்கெட் என்பார்கள். மேலிருந்து கீழாக ஒரு கிரீடம், ஆட்சி எழுத்து, செய்தவர் பெயர், வருஷம், மாடல். வி.ஆர். என்றால் விக்டோரியா, இ.ஆர். என்றால் எட்வர்டு, ஜி.ஆர். என்றால் ஜார்ஜ். என்ஃபீல்டு என்று இருந்தால் அரசு ஆலை. பி.எஸ்.ஏ. என்றால் பர்மிங்ஹாம், எல்.எஸ்.ஏ. என்றால் லண்டன். லித்கோ என்றால் ஆஸ்திரேலியா. இஷாபூர் என்றால் கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரை. இரண்டாம் உலகப் போரில் வந்த நம்பர் 4 மாடலுக்கு மட்டும் இடப்பக்கம் பாருங்கள். அடிப்படை இவ்வளவுதான்.

இனிதான் விஷயமே இருக்கிறது. செய்தவர் முத்திரை வேறு, உடையவர் முத்திரை வேறு. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். இதை விட்டுவிட்டு ஆயிரம் விவரம் மனப்பாடம் செய்தாலும் பயனில்லை. நம் வீட்டு எவர்சில்வர் குடத்தைக் கவிழ்த்தால் அடியில் கம்பெனி முத்திரை இருக்கும். கழுத்தருகே புள்ளி புள்ளியாக அத்தையின் பெயரும் கல்யாண வருஷமும் வெட்டியிருக்கும். அத்தை பாத்திரம் செய்தாள் என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் துப்பாக்கியில் கிரீடத்தைப் பார்த்த உடனே "இங்கிலாந்தில் செய்தது" என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு பெரிய அருங்காட்சியகத்தில் இஷாபூர் என்று தெளிவாகப் பொறித்த துப்பாக்கிக்குக் கீழே அப்படி ஓர் அட்டையை நானே பார்த்தேன். கிரீடம் யாருடைய ஆட்சி என்று மட்டும்தான் சொல்லும். எந்த ஊர் என்று ஒருபோதும் சொல்லாது.

இந்த வேறுபாடு இன்னும் பழையது. கிழக்கிந்தியக் கம்பெனி துப்பாக்கிகளை இங்கிலாந்தின் தனியார் பட்டறைகளிலிருந்து வாங்கியது. வாங்கியதில் தன் முத்திரையைக் குத்தியது. நான்காக வகுத்த ஓர் இதயம், உச்சியில் நான்கு என்ற எண் வடிவம். வியாபாரி தன் சரக்கு மூட்டையில் போட்ட குறியையே ஆயுதத்திலும் போட்டான். 1808-ல் அது மாறியது. பின்காலில் எழுந்து நின்று முன்கால்களில் கிரீடம் ஏந்திய சிங்கம் வந்தது. பாஞ்சாலங்குறிச்சிக்கு 1799-ல் வந்த கம்பெனிப் படையும், 1806-ல் வேலூரில் எழுந்த சிப்பாய்களும் இதய முத்திரைக் காலத்தவர்கள். மூட்டைக் குறியை விட்டுச் சிங்கத்துக்கு மாறியதில், கடைக்காரன் அரசனான கதை முழுவதும் இருக்கிறது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்து ஆயுதக் கூடத்துக்கோ கோட்டை அருங்காட்சியகத்துக்கோ போனால், பழைய மஸ்கட்டுகளின் பூட்டுத் தகட்டில் இந்த இரண்டையும் தேடுங்கள்.

லீ-என்ஃபீல்டுக்கு வந்தால், உடைமைக் குறி மூன்று கோட்டு அம்பு. அம்பு மட்டும் இருந்தால் பிரிட்டிஷ் அரசுச் சொத்து. சி எழுத்துக்குள் அம்பு இருந்தால் கனடா. இரண்டு டி-க்களுக்கு நடுவே இருந்தால் ஆஸ்திரேலியா. யு-வுக்குள் இருந்தால் தென்னாப்பிரிக்கா. அம்புக்குக் கீழே ஓர் ஐ இருந்தால் இந்தியா. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டினால் அரசு அதை விற்றுக் கைகழுவிவிட்டது என்று பொருள். என்ஃபீல்டு என்று பொறித்த துப்பாக்கியில் அம்பும் ஐ-யும் இருந்தால் அது இங்கிலாந்தில் பிறந்து இந்தியாவில் உழைத்தது. பி.எஸ்.ஏ. பெயர் இருந்து கிரீடம் இல்லையென்றால் தனியார் விற்பனைக்காகச் செய்தது. அமெரிக்காவின் சேவேஜ் கம்பெனி நம்பர் 4 மாடலை 10 லட்சத்துக்கும் மேல் செய்தது. அவற்றில் 'யு.எஸ். பிராப்பர்ட்டி' என்று குத்தியிருக்கும். ஆனால் அமெரிக்கப் படை அதைத் தன் சண்டைத் துப்பாக்கியாக ஏற்றதே இல்லை. கடன்-குத்தகைத் திட்டத்தில் பிரிட்டனுக்குப் போகும் சரக்கு, காகிதத்தில் அமெரிக்கச் சொத்தாக இருந்ததால் வந்த முத்திரை அது. செய்தவர், உடையவர், பிடித்தவர் மூவரும் வேறு வேறாக இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

இஷாபூருக்கு வருகிறேன், என் மனசுக்கு நெருக்கமான இடம். அங்கே ஜி.ஆர். என்பதோடு ஓர் ஐ சேரும். ஜி.ஆர்.ஐ. அந்த ஐ இம்பராட்டர், அதாவது பேரரசர். அம்புக்குக் கீழே இருக்கும் ஐ இந்தியா. இந்த இரண்டு ஐ-களையும் ஒன்றாக்கிக் குழப்புகிற கட்டுரைகள் நிறைய வருகின்றன. முதலாவது அரசனின் பட்டம், இரண்டாவது சொத்துக்காரனின் பெயர். சுதந்திரத்துக்குப் பிறகு கிரீடம் போய், குடியரசின் அசோகச் சிங்கம் அதே வளையத்தில் ஏறியது. ஆலை பழையது, துப்பாக்கியின் வடிவம்கூடப் பழையது, எஜமான் மட்டும் புதியவன். 1962 சீனப் போருக்குப் பின் 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்காகச் செய்த 2ஏ, 2ஏ1 மாடல்களில் ஆர்.எஃப்.ஐ. என்று இருக்கும், ரைபிள் ஃபேக்டரி இஷாபூர். எழுத்து தேய்ந்துபோயிருந்தால் முன்கட்டையைப் பாருங்கள். மரம் பிளக்காமல் இருக்கக் குறுக்கே ஒரு திருகாணி முடுக்கியிருப்பார்கள். இந்தியாவில் செப்பனிட்ட துப்பாக்கிகளில் அதை அடிக்கடி பார்க்கலாம்.

இப்போது சேகரிப்பாளர்களிடையே ஒரு மோகம். போல்ட், பேரல், மூக்குப்பூண் எல்லாவற்றிலும் ஒரே எண் இருந்தால்தான் அசல் என்கிறார்கள். மேலோட்டமான ரசனை இது. எண்கள் அத்தனையும் பொருந்திய துப்பாக்கி பெரும்பாலும் கிடங்கில் தூங்கியது. போல்ட்டில் ஓர் எண், பேரலில் வேறொரு வருஷம், கட்டையில் மூன்றாவது ஒட்டு என்று இருப்பதுதான் ஐம்பது வருஷம் உழைத்தது. எத்தனை தடவை பட்டறைக்குப் போய் வந்தது என்று அதில் படிக்கலாம். சினிமாக்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1857 கதையில் சிப்பாய் போல்ட்டை இழுத்துச் சுடுகிறான். அந்தக் கலகத்து என்ஃபீல்டு 1853 மாடல், குழல் வாயில் மருந்து இடிப்பது. பெயர் ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்றாகிவிடுமா?

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். என்னை அதிக நேரம் நிறுத்தி வைப்பது அசல் துப்பாக்கிகள் அல்ல. பெஷாவருக்குத் தெற்கே தர்ரா ஆதம் கேல் பட்டறைகளில் கையால் அராவிச் செய்த நகல்கள்தான். அசலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முத்திரை உட்பட எல்லாவற்றையும் செதுக்கினார்கள், ஆங்கிலம் படிக்கத் தெரியாமல். அதனால் என்ஃபீல்டு என்ற பெயரில் 'என்' இடம் வலமாகத் திரும்பி நிற்கும். கிரீடம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். வி.ஆர். என்று போட்டு அடியில் 1910 என்று இருக்கும். விக்டோரியா 1901 ஜனவரியிலேயே இறந்துவிட்டார். இதைப் போலி என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு ஒட்டுவதில்லை. ஒவ்வோர் எழுத்தையும் உளியால் வெட்டியவன் கை அதில் தெரிகிறது. செய்தவர் முத்திரை என்பதே அங்கே அந்தக் கையின் தடுமாற்றம்தான்.

வீட்டுப் பரணில் தாத்தா காலத்துத் துப்பாக்கி இருந்தால், முத்திரை தேடுவதற்கு முன் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். உரிமம் இல்லாமல் வைத்திருப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். மணல் தாள் போட்டுத் துருவைத் தேய்க்காதீர்கள், எழுத்தும் சேர்ந்து போய்விடும். அருங்காட்சியகத்தில் என்றால், வெளிச்சம் பக்கவாட்டில் விழும் கோணத்தில் நின்று பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தேய்ந்த முத்திரை தெரியாது.

காப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். லீ-என்ஃபீல்டு குட்டை மாடல்களைத் தயவுசெய்து வலப்பக்கம் தெரியும்படி மாட்டுங்கள். அட்டையில் 'பிரிட்டிஷ் துப்பாக்கி' என்பதை அடித்துவிட்டுச் செய்த ஊர், செய்த வருஷம், உடையவர் என மூன்று வரி எழுதுங்கள்.