நாதிர்: ஓர் ஓவியமும் ஒரு சொல்லும்

முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் (ஆட்சி 1605–1627) அவை ஓவியர் உஸ்தாத் மன்சூர் தீட்டிய சைபீரியப் பெருங்கொக்கு, கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் உள்ளது. தனித்து நிற்கும் வெண்பறவை, அதன் பின்னே மங்கிய நிறம். அழிவின் விளிம்பில் நிற்கும் ஓர் இனத்தின் இரங்கற்பாவாக இதைப் படிப்பது இன்று எளிது. அந்த வாசிப்பை நாம் ஏற்பதற்கில்லை.

ஓவியத்தையே நோக்குவோம். வெண்மையிலேயே எத்தனை படிநிலைகள்! இறகற்ற செம்முகமும் காலின் தோற்சுருக்கங்களும் விடாமல் பதிவாகியுள்ளன. உதிர்ந்த இறகு ஒன்று இடக்கால் நகத்தில் ஒட்டியிருப்பதைக்கூட மன்சூர் விட்டுவிடவில்லை. துயரம் ஒரு பறவையை அடையாளமாக மாற்றிவிடும். மன்சூரோ தம் கண்முன் நின்ற இந்த ஒரு பறவையையே வரைந்தார். ஐரோப்பிய அறிஞர் பல்லாஸ் இவ்வினத்தை அறிவியல் முறையில் விவரித்தது 1773இல்தான்.

உயிரினங்களை வரைவது பற்றி ஃபுகஹாக்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டை நாம் அறிவோம். எனினும் இத்தாளில் படைத்தவனோடு போட்டியிடும் செருக்கு தென்படவில்லை. கண்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் உரைக்கும் ஷஹாதத்தின் அடக்கமே தென்படுகிறது.

மன்சூருக்கு ஜஹாங்கீர் அளித்த பட்டம் ‘நாதிருல் அஸ்ர்’, அதாவது காலத்தின் அரியவர். அந்த அவையில் அருமை என்பது வியப்புக்குரியது. ஆனால் ‘நதர’ என்னும் வினைக்கு, பலவற்றிடையே இருந்து ஒன்று உதிர்ந்து விழுதல் என்ற பொருளையும் அரபு அகராதிகள் தருகின்றன. முதற்பொருளில் வரையப்பட்ட ஓவியத்தை நாம் இரண்டாம் பொருளில் பார்க்கிறோம். ஓவியம் மாறவில்லை, மாறியது உலகம். பரத்பூரின் கேவலாதேவ் பூங்காவுக்கு ஆண்டுதோறும் வந்த இக்கொக்குகள் 2002க்குப் பின் அங்கு வரவில்லை. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியே அமைந்த வலசைப் பாதையில் நடந்த வேட்டை இதற்கு ஒரு முக்கியக் காரணம். எஞ்சியவற்றில் மிகப் பெரும்பாலானவை சீனாவின் போயாங் ஏரிப் பகுதியில் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. பறவைகளையும் உம்மத்துகளாகக் காணக் கற்பிக்கும் அல்குர்ஆனை (6:38) ஓதும் நமக்கு, இது ஓர் உம்மத் நம் வானைவிட்டு அகன்ற செய்தியாகும்.

இந்தத் துயரத்தை மன்சூரின் தூரிகைமேல் ஏற்றினால், அழிவு அன்றே விதிக்கப்பட்டது போலாகிவிடும். நம் பொறுப்பு மறைந்துவிடும். அவர் வரைந்த வங்காள வரகுக்கோழியும் அதே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புல்வெளிகள் குறைந்ததால் மிகவும் அருகிவிட்ட அப்பறவை, தராய்ப் பகுதியிலும் அஸ்ஸாமிலும் இன்னும் வாழ்கிறது. அதைப் பொறுத்தவரை, இரங்கலுக்கு முன் செய்ய வேண்டியது நிறைய உண்டு.