பணிப்பாய்வு மென்பொருள்களும் கோப்பின் அடையாளமும்: ஒரு மதிப்பீடு

அறிவியல் ஆய்வில் இன்று ஒரு முடிவு ஒரே கணக்கீட்டில் கிடைத்துவிடுவதில்லை. கருவி தரும் மூலத்தரவு செம்மை செய்யப்பட்டுப் பல நிரல்களின் வழியே சென்று இறுதியில் அட்டவணையாகவோ வரைபடமாகவோ வெளிப்படுகிறது. இத்தொடரை ஒழுங்குபடுத்துவனவே பணிப்பாய்வு மென்பொருள்கள். 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய ‘மேக்’ இவற்றின் முன்னோடி. உயிர்த்தகவலியலில் ஸ்னேக்மேக்கும் நெக்ஸ்ட்ஃப்ளோவும் இப்போது பெருவழக்கில் உள்ளன. இவற்றைப் போற்றும் எழுத்துகள் அனைத்தும் மீளுருவாக்கம் என்ற ஒரு சொல்லையே முன்வைக்கின்றன. ஒருவர் பெற்ற முடிவை அதே தரவிலிருந்து மற்றொருவரும் பெற முடிவதே அதன் பொருள். ஆயின், அம்முடிவு பிழையற்றது என்னும் பொருளையும் அச்சொல்லின்மேல் ஏற்றிக் கூறும் போக்கு காணப்படுகிறது. அது ஏற்கத்தக்கதன்று.

இதற்கு வேதியியலிலிருந்து ஒரு சான்று காட்டலாம். மூலக்கூறு ஒன்றின் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு மதிப்புகளைக் கணித்து, அளந்த மதிப்புகளோடு ஒப்பிட்டு அதன் அமைப்பைத் துணியும் செய்முறை ஒன்றை வில்லோபி, யான்ஸ்மா, ஹோய் ஆகியோர் 2014இல் ‘நேச்சர் புரோட்டோகால்ஸ்’ இதழில் வெளியிட்டனர். உடன் பைத்தான் நிரல்களும் தரப்பட்டிருந்தன. ஹவாய்ப் பல்கலைக்கழக மனோவா வளாகத்து ஆய்வாளர்கள் நீலப்பச்சைப் பாசி ஒன்றிலிருந்து பிரித்த சேர்மங்களுக்கு அந்நிரல்களைப் பயன்படுத்தியபோது, இயங்குதளம் மாறினால் விடையும் மாறுவதைக் கண்டு 2019இல் அறிவித்தனர். ஒரே தரவுக்கு விண்டோஸ் 10, மேக் மேவரிக்ஸ் ஆகியவற்றில் 173.2 எனவும், மேக் மொஹாவியில் 172.7 எனவும், உபுண்டு 16இல் 172.4 எனவும் ஒரு மதிப்பு கிடைத்தது. வேதியியலார் அமைப்பைத் துணியும் இடத்தில் இவ்வேறுபாடு புறக்கணிக்கத்தக்கதன்று.

காரணம் எளியது. மூலக்கூற்றின் ஒவ்வொரு வடிவநிலைக்கும் ஆற்றலைத் தரும் கோப்பு ஒன்றும் ஒத்ததிர்வு மதிப்பைத் தரும் கோப்பு ஒன்றும் உண்டு. நிரல் கோப்புறையிலுள்ள பெயர்களைப் பட்டியலிட்டு, அப்பட்டியல் முறையான வரிசையில் இருக்கும் என்று கொண்டு இரண்டையும் இணைத்தது. பைத்தானின் பட்டியலிடும் செயற்கூறோ அத்தகைய வரிசைக்கு உறுதி அளிப்பதில்லை. வரிசை பிறழ்ந்த இடத்தில் ஒன்றன் ஆற்றல் மற்றொன்றன் மதிப்போடு சேர்ந்துவிட்டது. ஏட்டுச்சுவடியில் பழகியவர்க்கு இது புதிதன்று: கயிறறுந்து கலைந்த ஏடுகளை ஏட்டெண் கொண்டு மீளக் கோக்கலாம், கிடந்த வரிசையை நம்பிக் கோத்தல் இயலாது.

கொள்கலன் தொழில்நுட்பம் இதனைத் தடுத்திருக்கும் என்பர். நெக்ஸ்ட்ஃப்ளோவை முன்வைத்து 2017இல் ‘நேச்சர் பயோடெக்னாலஜி’யில் வந்த கட்டுரை, மேக் கணினியிலும் அமேசான் லினக்ஸிலும் வேறுபட்ட முடிவுகள் டாக்கர் கொள்கலனுக்குள் ஒன்றுபடுவதைக் காட்டியது. அது மதிக்கத்தக்க பங்களிப்பு. எனினும், அக்கட்டுரை நிறுவியது ஒற்றுமையை மட்டுமே. வேறுபட்ட இரண்டில் எது சரி என்பது தனி வினா. மேலும், தரவுக் கோப்புறை பெரும்பாலும் வெளியிலிருந்தே கொள்கலனோடு இணைக்கப்படுவதால் கோப்புகளின் வரிசை வெளிக்கணினியையே சார்ந்து நிற்கும். அதையும் ஒருவாறு உறைய வைத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? உபுண்டுவின் 172.4 எல்லா ஆய்வகங்களிலும் மாறாமல் வந்திருக்கும். ஐயுறுவார் எவரும் இருந்திருக்கமாட்டார். பிழையைக் காட்டிக் கொடுத்ததே மீளுருவாக்கம் தோற்றமைதான்.

பணிப்பாய்வு மென்பொருள் இங்குதான் உதவ வேண்டும். அவற்றுள் வேறுபாடும் இங்குதான் உள்ளது. நெக்ஸ்ட்ஃப்ளோவில் தரவு வாய்க்கால்கள் வழியே நகர்கிறது. ஒரு படிநிலைக்கு இரு வாய்க்கால்களைத் தனித்தனியே உள்ளீடாகக் கொடுத்தால், ஒன்றில் முதலில் வந்ததும் மற்றதில் முதலில் வந்ததும் இணையும். பல பணிகள் ஒருங்கே ஓடும்போது எது முதலில் முடியும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே ஒரு நோயாளியின் மாதிரி மற்றொருவரின் குறிப்போடு இணைய வழியுண்டு, எச்சரிக்கையும் எழாது. மாதிரியின் பெயரைத் தரவோடு சேர்த்தே அனுப்பி, அப்பெயரால் இணைக்குமாறு எழுதினால் இவ்விடர் நீங்கும். ஆனால் அவ்வாறு எழுதுவது ஆய்வாளர் பொறுப்பாகவே விடப்பட்டுள்ளது.

ஸ்னேக்மேக்கில் ஒவ்வொரு விதியும் கோப்பின் பெயரிலேயே கட்டப்படுகிறது. மாதிரியின் பெயர் கோப்பின் பெயருக்குள் இருப்பதால் அடையாளம் படிநிலைதோறும் உடன்வருகிறது. முதலில் இட்ட பெயர் தவறாயின் அத்தவறும் உடன்வரும் என்பது மெய்யே. வெளியீடுகளின் எண்ணிக்கையை முன்னரே அறிய இயலாத பணிகளில் இம்முறை சிக்கலாகிறது என்பதும் மெய்யே. 2022இல் வந்த 7.8ஆம் பதிப்புக்கு முன்வரை, கோப்பு மாற்றப்பட்ட நேரத்தைக் கொண்டே ஒரு படியை மீள இயக்குவதா என்பதை அது இயல்பாக முடிவுசெய்தது. நிரலைத் திருத்தினாலும் பழைய வெளியீடு நின்றுவிடக்கூடும். இக்குறைகளை ஏற்றுக்கொண்ட பின்னரும், அடையாளத்தைக் காப்பதில் ஸ்னேக்மேக்கின் அடிப்படையே வலுவானது எனக் கருதுகிறேன்.

இவ்வகைக் கட்டுரைகளை மதிப்பிடுவோர் நிரலும் கொள்கலனும் இணைக்கப்பட்டுள்ளனவா என்று கேட்டு அமைகின்றனர். உள்ளீட்டுக் கோப்புகளின் வரிசையை வேண்டுமென்றே கலைத்து இயக்கியபோது முடிவு மாறாது நின்றதா என்றும், விடை முன்பே தெரிந்த சிறு தரவில் அதே விடை வந்ததா என்றும் கேட்டறிதல் வேண்டும். ஹவாய் ஆய்வாளர்கள் கண்ட பிழையைத் திருத்தப் பெயர்ப்பட்டியலை வரிசைப்படுத்தும் சிறு சேர்க்கையே போதுமாயிருந்தது. அதுவரை ஐந்தாண்டுகள் அந்நிரல்கள் பயன்பாட்டில் இருந்தன.