மேகம் விலக்கிப் பார்த்தவள்

மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி, சாதாரண பைனாகுலரில் வியாழனைப் பாருங்கள். அதையொட்டி ஒரே கோட்டில் ஊசிமுனைப் புள்ளிகள் தெரியும். 1610இல் கலிலியோ கண்ட நிலவுகள்தாம் அவை. மெடிசி குடும்பத்தின் பெயரை அவற்றுக்கு அவர் சூட்டினார். அது நிலைக்கவில்லை, நல்லவேளை! 1614இல் சைமன் மேரியஸ் எழுதிய நூலில் வந்த ஐயோ, யூரோப்பா, கேனிமீட், கலிஸ்டோதான் நின்றன. நால்வருமே சீயஸ் ஆசைப்பட்டவர்கள். அந்தக் கிரேக்க சீயஸைத்தான் ரோமானியர் ஜூபிடர் என்றார்கள். வியாழனுக்கு அவர்கள் வைத்த பெயரும் அதுவே.

எனக்கு ஐயோவின் கதைமேல் தனிப் பிரியம். மனைவி ஜூனோவின் கண்ணில் படாதிருக்க ஜூபிடர் மேகத்தைப் போர்த்துகிறான். பட்டப்பகலில் இதென்ன இருட்டு என்று சந்தேகப்பட்டு அவள் மேகத்தை விலக்கிக்கொண்டு வந்துவிடுகிறாள். அதற்குள் ஐயோ வெள்ளைப் பசுவாகி நிற்கிறாள், பாவம்.

2011இல் வியாழனை நோக்கி நாசா அனுப்பிய விண்கலத்தின் பெயர் ஜூனோ! 2016இல் போய்ச் சேர்ந்து, மேகங்களுக்கு அடியில் இருப்பதை மைக்ரோவேவ் கருவியால் துழாவியது. பெயர் வைத்தவருக்குக் கதை ஊறியிருக்க வேண்டும். 2023 டிசம்பரில் அது ஐயோவையும் சுமார் 1,500 கிலோமீட்டர் தொலைவில் கடந்தது. படத்தில், மஞ்சள் படர்ந்த உடம்பெங்கும் எரிமலைகள்.