பென்னலூரில் உட்கார்ந்து கோல்பியைப் படிப்பது

அமெரிக்க கன்சர்வேட்டிவ்கள் வெளியுறவையும் ராணுவத்தையும் எப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு புத்தகம் சொல்லச் சொன்னால், நான் எல்ப்ரிட்ஜ் கோல்பியின் ‘தி ஸ்ட்ராட்டஜி ஆஃப் டினயல்’ என்றுதான் சொல்வேன். 2021ல் யேல் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. ட்ரம்ப்பின் முதல் ஆட்சியில், 2018 தேசியப் பாதுகாப்பு வியூக ஆவணத்தை உருவாக்கியதில் கோல்பிக்கு முக்கியப் பங்கு உண்டு. 2025 ஏப்ரலில் பென்டகனின் கொள்கைப் பிரிவுக்கே பொறுப்பேற்றார். அதனால இது அலமாரியில் தூங்குகிற புத்தகம் இல்லை.

வாதம் ரொம்ப நேரானது. உலகப் பொருளாதாரத்தின் மிகப் பெரிய பகுதி இனி ஆசியா. அதைச் சீனா தன் கைக்குள் கொண்டுவந்துவிட்டால், யார் யாரோடு எந்த விலைக்கு வியாபாரம் செய்யலாம் என்பதை பெய்ஜிங் முடிவு செய்யும். சாதாரண அமெரிக்கனின் வாழ்க்கை அதில் அடிபடும். ஆகவே அமெரிக்காவின் முதல் வேலை அதைத் தடுப்பது. சீனாவைத் தோற்கடித்து மண்டியிட வைக்க வேண்டியதில்லை. தைவான் மாதிரி ஓர் இடத்தைப் பிடிக்க விடாமல் செய்தால் போதும். அதுதான் தலைப்பில் உள்ள ‘மறுத்தல்’. இதற்கு ஆசிய நாடுகளின் மேலாதிக்க எதிர்ப்புக் கூட்டணி ஒன்று வேண்டும். அதில் இந்தியாவும் ஒரு பெரிய தூண்.

இதில் எனக்குப் பிடித்தது, அளவு தெரிந்த பேச்சு. எல்லா இடத்திலும் போய்ச் சண்டை போட அமெரிக்காவிடம் பலம் இல்லை, எது முக்கியமோ அதற்கு மட்டும் செலவழி என்கிறார். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களுக்குப் பின் கன்சர்வேட்டிவ் முகாமுக்குள்ளேயே எழுந்த சுயவிமர்சனம் இது. பென்னலூரிலிருந்து நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் போனால் ராஜீவ் காந்தி நினைவிடம் வரும். 1987ல் இலங்கைக்குப் படை அனுப்பிய முடிவு, 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் எங்கே வந்து முடிந்தது என்று நமக்குத் தெரியும். அந்நிய மண்ணில் தலையிடுவதற்கு முன் நூறு முறை யோசி என்று ஒருவர் சொன்னால், இந்த ஊர்க்காரனுக்கு அது புரியாமல் போகாது.

ஆனா புத்தகத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அது அவர் ‘நம்பகத்தன்மை’ பற்றிப் பேசும் இடத்தில். அமெரிக்கா உலகம் முழுக்க வாக்கைக் காப்பாற்றத் தேவையில்லை, சீனாவை எதிர்க்க எந்த நாடுகள் வேண்டுமோ அவற்றுக்குக் கொடுத்த வாக்கு நின்றால் போதும் என்கிறார். சரி, அந்த வாக்கை எதை வைத்து அளப்பது? கப்பல், ஏவுகணை, படை. கூட்டாளி நாட்டின் பலம் எங்கே உருவாகிறது, அதை யார் நிறுத்த முடியும் என்கிற கேள்விக்கு அவர் தரும் இடம் மிகக் குறைவு.

அந்தப் பலம் உருவாகிற இடங்களில் ஒன்று எங்கள் ரோடு. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 1998லிருந்து கார் செய்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006ல் தொடங்கி 2014 நவம்பரில் நின்றது. ஃபாக்ஸ்கான் 2019லிருந்து இங்கே ஐபோன் பூட்டுகிறது. சீனாவை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று வாஷிங்டனில் பேசிய பேச்சுக்கு உருவம் கொடுத்தவர்கள், ஷிஃப்ட் பஸ்ஸில் போகிற இந்தப் பெண்கள்தான். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பலர் நோய்வாய்ப்பட்டபோது, இதே நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தவர்களும் அவர்கள்தான். கோல்பியின் கூட்டணிக் கணக்கில் அவர்களுக்கு வரி இல்லை.

பெய்ஜிங்கின் கணக்கில் இருக்கிறது. 2025 ஜூலையில், ஃபாக்ஸ்கானின் இந்திய ஆலைகளிலிருந்து நூற்றுக்கணக்கான சீனப் பொறியாளர்கள் திரும்ப அழைக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. ஃபோன் பூட்டுகிற வித்தை இடம் மாறுவதும் ஆதிக்கப் போட்டியின் ஒரு பகுதி என்று சீனா நினைப்பதாகவே பலரும் இதைப் படித்தார்கள்.

வாஷிங்டன் என்ன செய்தது? 2025 மே மாதம் தோஹாவில் ட்ரம்ப், நீங்கள் இந்தியாவில் ஆலை கட்டுவது எனக்கு வேண்டாம் என்று டிம் குக்கிடம் சொன்னதாக வெளிப்படையாகவே பேசினார். ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்கள் மேல் வரி 50 சதவீதம் ஆனது; அதில் பாதி, ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கான தண்டனை. ஸ்மார்ட்ஃபோனுக்கு விலக்கு இருந்ததால் எங்கள் ரோடு தப்பியது. திருப்பூர் பனியனும் ஆம்பூர் தோலும் தப்பவில்லை. சில நாட்களில் மோடி தியான்ஜின் மாநாட்டில் ஷி ஜின்பிங்கோடு நின்றார்.

இதை முரண்பாடு என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். உண்மையில் ஒரே கன்சர்வேட்டிவ் வீட்டுக்குள் இரண்டு அறைகள் இருக்கின்றன. ஓர் அறையில், கூட்டாளி பலமாக இருந்தால் நமக்கு லாபம். அடுத்த அறையில், அவன் ஆலை வைத்தால் நமக்கு நஷ்டம். இரண்டு அறையிலும் உட்கார்ந்திருப்பவர்கள் அமெரிக்கத் தொழிலாளியின் நலனைத்தான் பேசுகிறார்கள். நடுச்சுவரில் கதவு வைக்க வேண்டியது கோல்பி மாதிரி கோட்பாட்டாளரின் வேலை. அதை இந்தப் புத்தகம் செய்யவில்லை.

அவர் தரப்பில் ஒரு பதில் சொல்லலாம். 2020ல் கல்வானில் இருபது வீரர்களை இழந்த இந்தியா, யார் வரி போட்டாலும் சீனாவை எதிர்த்துத்தானே ஆக வேண்டும்? பாதி சரி. எதிர்க்கும் விருப்பம் கல்வானிலிருந்து வரும். எதிர்க்கும் சக்தி ஒரகடத்திலிருந்தும் வல்லம் வடகாலில் வருகிற விமானத் தொழில் பூங்கா போன்ற இடங்களிலிருந்தும்தான் வர வேண்டும். விருப்பம் இருந்து சக்தி இல்லாதவனைக் கூட்டாளியாக வைத்து எந்த வியூகமும் நிற்காது.

வரி விகிதம் ஏறும், இறங்கும். என் கவலை அது இல்லை. நோக்கியா மூடிய பிறகு இந்த ஊர் ஒரு பாடம் படித்திருக்கிறது: ஆர்டர் எங்கிருந்தோ வருகிறது, எங்கிருந்தோ நிற்கிறது. அமெரிக்காவின் வாக்கை எங்கள் ஆட்கள் அடுத்த மாத ஷிஃப்ட் பட்டியலை வைத்துத்தான் அளப்பார்கள். கோல்பியைக் கட்டாயம் படியுங்கள், தெளிவாக யோசிக்கிற மனிதர். அந்தப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.