கைமாறி வந்த நாவல்கள்

நல்ல நாவல் ஒன்றைப் படித்து முடித்தவன் அதைத் தன் மனத்துக்குள்ளேயே பூட்டிவைத்திருக்க மாட்டாதவனாய், கடைத்தெருவில் எதிர்ப்படும் நண்பனிடமும், ஊரிலிருந்து வந்திறங்கிய மைத்துனனிடமும், “இதைப் படித்திருக்கிறாயா?” என்று கேட்கத் தொடங்குவது இயல்பு. தமிழில் நாவல் என்னும் இலக்கிய ரூபம் தோன்றி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஓடவில்லை; அந்தக் குறுகிய சரித்திரத்தைத் திரும்பிப் பார்க்கும்போது, நம்முடைய உயர்ந்த நாவல்களிற் பல, அச்சகத்தாரின் முயற்சியாலோ பாடத்திட்டத்தின் தயவாலோ அன்றி, இந்த ஒரு கேள்வியின் பலத்தினாலேயே பிழைத்திருக்கின்றன என்ற முடிவுக்கே நான் வர வேண்டியிருக்கிறது.

எவருடைய சிபாரிசும் வேண்டாமலே ஊரெல்லாம் சுற்றி வந்த நாவல்களும் உண்டு. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் தொடர்ந்து வெளிவந்த காலத்தில், வாரந்தோறும் பக்கங்களைக் கத்தரித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்துக்கொள்ளாத வீடு அபூர்வம் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு தொகுதி இருந்தது. காலிகோ முதுகு வெளுத்துப்போய், மணியம் வரைந்த வந்தியத்தேவனின் குதிரைக்குப் பின்பக்கத்தில் ஏதோ ஒரு தைல விளம்பரம் பாதி அறுபட்டு நிற்கும். நடுவில் இரண்டு அத்தியாயங்கள் கிடையா. இல்லாத அந்த இரண்டு அத்தியாயங்களை என் அத்தை வாய்மொழியாகச் சொல்லி நிரப்பினார். மக்கள் செல்வாக்குப் பெற்ற கதைக்கு அதுவே போதுமான காவல்.

ஆனால் காவலற்றுப் போன நூல்களின் கதை வேறு. மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் அச்சேறியது. கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பை எழுதிய ‘அசன்பே சரித்திரம்’ 1885இல் வந்தது. வத்தலக்குண்டு பி. ஆர். ராஜமையர், இருபத்தொரு பிராயத்து வாலிபராக, 1893 முதல் ‘விவேக சிந்தாமணி’யில் தொடர்ந்து எழுதிய ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1896இல் நூலுருப் பெற்றது. இரண்டே ஆண்டில், இருபத்தாறு வயதில், அவர் மறைந்தார். அ. மாதவையாவின் ‘பத்மாவதி சரித்திர’த்தின் முதற்பாகம் 1898இல் வெளிவந்தது. இந்த முதல் தலைமுறையின் அருமையைப் பிற்காலத்து வாசகனுக்கு எடுத்துச் சொன்னவர்களில் தலையாயவர் க. நா. சுப்ரமண்யம். 1957இல் வெளிவந்த அவருடைய ‘முதல் ஐந்து தமிழ் நாவல்கள்’ அளவிற் சிறிய நூல். ஆயினும் வேதநாயகம் பிள்ளை, ராஜமையர், மாதவையா மூவரோடு, நடேச சாஸ்திரியின் ‘தீனதயாளு’வையும் பொன்னுசாமி பிள்ளையின் ‘கமலாட்சி’யையும் சேர்த்து ஒருவர் நிதானமாகப் படித்து அபிப்பிராயம் சொன்னது சாமானிய காரியமன்று.

‘கமலாம்பாள் சரித்திர’த்தை நான் படிக்க நேர்ந்ததும் அந்த நூலால்தான். அந்நாவலில் ‘வம்பர் மகாசபை’ என்று ஆசிரியர் பெயரிட்டிருக்கும் கூட்டத்தை வாசகர் கூர்ந்து கவனிக்க வேண்டும். ஊர்ப் பெண்டிர் கூடிப் பேசும் பேச்சில், ஒருத்தி இழுத்துவிட்ட சொல்லை இன்னொருத்தி முடித்துவைக்க, கமலாம்பாளின் ஓரகத்தியான பொன்னம்மாளின் பொறாமை அதற்கு எண்ணெய் வார்க்க, யாரும் பொய் சொன்னதாக ஒப்புக்கொள்ளாமலே ஒரு பொய் உருக்கொண்டு எழுந்து, முடிவில் கமலாம்பாளின் கணவர் முத்துஸ்வாமி ஐயரின் குடும்பத்தையே குலைத்துவிடுகிறது. அபவாதம் என்பது எப்படிப் பிறந்து, எப்படி நடை பழகி, எப்படி வீடு புகுகிறது என்பதை இவ்வளவு நுணுக்கமாகக் காட்டிய இடம் அதற்குப் பின் வந்த நாவல்களிலும் அதிகம் இல்லை. பிற்பகுதியில் வேதாந்தம் கதையை மேவிவிடுகிறது என்பது மெய். அதை மறைத்துச் சிபாரிசு செய்வது முறையாகாது. அக்குறையையும் தாங்கி நிற்கும் நாவல் அது என்று சொல்வதே நேர்மை.

சிறந்த நாவல்கள் என்று க. நா. சு. தொகுத்துத் தந்த பட்டியல்களைக் குறைகூறினோர் உண்டு. காரணம் காட்டாமல் பெயர்களை மட்டும் அடுக்குகிறார் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. இதற்கு மாறாக, 1968இல் க. கைலாசபதி எழுதிய ‘தமிழ் நாவல் இலக்கியம்’ சமூக வரலாற்றின் அடிப்படையில் நாவலை ஆராய்ந்தது. 1977இல் சிட்டியும் சிவபாதசுந்தரமும் நூறாண்டு வரலாற்றையே தொகுத்தளித்தனர். ஆராய்ச்சிக்கு இவ்விரண்டும் இன்றியமையாதன. ஆயினும் நூலகத்தின் அலமாரி முன்னே திகைத்து நிற்கும் இளைஞனுக்கு முதலில் வேண்டுவது, படித்து அனுபவித்த ஒருவர் விரல் நீட்டிக் காட்டுவதே. பட்டியல் அந்த விரல். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று.

ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ (1942) எனக்கு அகப்பட்டது ஒரு சிறிய கிளை நூலகத்தில். பைண்டிங்கில் தலைப்பு மறைந்து, நூலகத்தின் எண் மட்டுமே முதுகில் இருந்தது. உள்ளே ஒட்டியிருந்த தேதிச் சீட்டில், பல ஆண்டுகளுக்கு நாலே முத்திரைகள். கணவனை இழந்த ஒரு குடியானவப் பெண், கொழுந்தன் சின்னப்பனிடம் தன் பங்கு நிலத்தைப் பிரித்துக் கேட்கிறாள்: கதை இவ்வளவுதான். கொழுந்தனும் கெட்டவனல்லன், அவன் மனைவி ராமாயியும் நல்லவள், கேட்கிறவளின் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. நியாயங்கள் மோதும் அந்த இடத்தில் கெட்டியப்பனைப் போன்றவர்கள் புகுந்து தூபம் போட, கதை கொலையில் போய் முடிகிறது. கொங்கு நாட்டுப் பேச்சு இதில் அலங்காரமாக ஒட்டவைக்கப்படவில்லை. மாந்தர் நினைப்பதே அந்தப் பேச்சில்தான். க. நா. சு. இந்நாவலைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பேசியிராவிட்டால் அந்த நாலு முத்திரைகளும் விழுந்திருக்குமா என்பது சந்தேகமே.

ப. சிங்காரத்தின் கதை இன்னும் வருத்தம் தருவது. சிங்கம்புணரியில் பிறந்து, இளம் வயதிலேயே சுமத்ராவிலுள்ள மேடானுக்குச் சென்று, இரண்டாம் உலக யுத்தத்தின் நடுவே வாழ்ந்து திரும்பி, மதுரையில் பத்திரிகை அலுவலகம் ஒன்றில் பணிபுரிந்தவர் அவர். வாழ்நாளில் எழுதியவை இரண்டே நாவல்கள். ஜப்பானியப் படை மேடானுக்குள் நுழைவதில் தொடங்கும் ‘புயலிலே ஒரு தோணி’, எழுதி முடிந்து சுமார் பத்தாண்டு கழித்து, 1972இல்தான் அச்சேறியது. வெளிவந்தபோது அதைக் கவனித்தவர்கள் சிலரே. பின்னர்ச் சிறுபத்திரிகை வாசகர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி, பிரதி கிடைக்காத நாளில் இரவல் வாங்கிப் படித்து, தமிழின் முதல் வரிசை நாவல்களுள் ஒன்றாக அதை நிலைநிறுத்தினார்கள். 1997இல் சிங்காரம் காலமானார். பெரும்புகழ் அவருக்குப் பின்னரே வந்தது.

அயல்மொழி நாவல்கள் விஷயத்தில் மொழிபெயர்ப்பே சிபாரிசாகிவிடுகிறது. தாம் ரசித்த ஹாம்சனை ‘நிலவள’மாகவும், லாகர்லெவை ‘மதகுரு’வாகவும் க. நா. சு. தமிழுக்குக் கொணர்ந்தார். த. நா. குமாரஸ்வாமி தாராசங்கரின் ‘ஆரோக்கிய நிகேதன’த்தைத் தந்தார், டி. எஸ். சொக்கலிங்கம் டால்ஸ்டாயின் ‘போரும் வாழ்வும்’ தந்தார். சுந்தர ராமசாமி தகழியின் ‘செம்மீ’னைத் தந்தார். ஒரு நாவலைப் பிறர் படிக்க வேண்டும் என்ற ஆசைக்காக மாதக்கணக்கில் உட்கார்ந்து அதைத் தம் கையாலேயே மறுபடி எழுதிய இவர்களுக்கு நம் நன்றி போதாது.

புதிதாகப் படிக்கத் தொடங்குபவர் என்னிடம் கேட்டால், ‘நாகம்மா’ளை முதலில் எடுக்கச் சொல்வேன். சிறிய நூல், இரண்டு மாலைப்பொழுது போதும். படித்து முடித்ததும், அருள்கூர்ந்து, இன்னும் ஒருவருக்குச் சொல்லுங்கள்.