மூன்று மீட்டரில் விரல் எண்ணுவது

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாட்டில் 2.19 கோடி மாற்றுத்திறனாளிகள் என்றது. மறு ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வு 1.85 கோடி என்றது. மொத்தத்தைவிட உட்பிரிவுகள்தான் மிரள வைக்கின்றன. பார்வைக் குறைபாடு உள்ளோர் முதல் கணக்கில் 1.06 கோடி, இரண்டாவதில் சுமார் 28 லட்சம். கை, கால் இயக்கத்தில் நேர் தலைகீழ்: 61 லட்சம், 1.06 கோடி. யாரும் பொய் சொல்லவில்லை. ஒரு கண்ணில் மட்டும் பார்வை உள்ளவரையும் கணக்கெடுப்பு சேர்த்துக்கொண்டது. மாதிரி ஆய்வோ, கண்ணாடி அணிந்து, இரு கண்ணும் திறந்து, நல்ல பகல் வெளிச்சத்தில் மூன்று மீட்டர் தூரத்தில் காட்டும் விரல்களை எண்ண முடியாதவரை மட்டுமே எடுத்துக்கொண்டது. 2011இல் ஒரு கண்ணில் மட்டும் பார்வை உள்ளவர்களைக் கணக்கெடுப்பும் விலக்கியது. தமிழகத்தில் 9.64 லட்சமாக இருந்த பார்வைக் குறைபாட்டினர் 1.27 லட்சம் ஆனார்கள். இந்தச் சரிவில் கண் மருத்துவத்தின் பங்கைத் தேடுவது வீண்வேலை.

வருமானத்தை அளப்பதிலும் இதே கதைதான். கூலியும் விளைச்சலும் மாதந்தோறும் மாறுவதால், நம் மாதிரி ஆய்வு வருமானத்தை விட்டுச் செலவைக் கேட்கிறது. நியாயமான முடிவுதான். ஆனால் ஏழு நாள் செலவா, முப்பது நாள் செலவா என்பதிலேயே விடை மாறும். 1999-2000 சுற்றில் இரண்டையும் சேர்த்துக் கேட்டதால் வறுமை குறைந்ததா இல்லையா என்று பொருளாதார அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். அதைவிடப் பெரிய கோளாறு, உடல் குறைபாடு, வறுமை என்ற இரண்டு அளவைகளும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. மருந்து, துணையாள் கூலி, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ என்று கடன் வாங்கிச் செலவழிக்கும் குடும்பம், செலவுக் கணக்கில் வசதியான குடும்பமாகத் தெரியும்.

மாற்றுத்திறனாளிகளைக் கணக்கிட உலகெங்கும் ஒரே கேள்வித்தாள் வைத்தால் இந்தக் குழப்பம் தீராதா என்பார்கள். மாற்றுத்திறன் புள்ளிவிவரங்களுக்கான வாஷிங்டன் குழு, பார்ப்பது, நடப்பது போன்றவற்றில் எவ்வளவு சிரமம் என்று கேட்கும் ஆறு கேள்விகள் அதற்காகவே உருவானவை. நாடுகளை ஒப்பிட உதவவும் செய்கின்றன. ஆனால் ‘சற்றுச் சிரமம்’ என்றவரைச் சேர்ப்பதா, ‘மிகுந்த சிரமம்’ என்றவரோடு நிறுத்துவதா என்பதிலேயே விகிதம் பல மடங்கு மாறும். மனநலப் பாதிப்பு பெரும்பாலும் நழுவிவிடும். அதற்காக ஆய்வுகளே பயனற்றவை என்பது சோம்பேறித்தனம்: கேள்வி மாறாத இரு சுற்றுகளை ஒப்பிட்டால் போக்கு தெளிவாகவே தெரியும்.

ஆகவே கேள்வியை மாற்றும் சுற்றில் பழைய கேள்வியையும் ஒரு பகுதி வீடுகளில் கேட்க வேண்டும்; வெளியிடும் எண்ணுக்குப் பக்கத்திலேயே கேட்ட கேள்வியையும் அச்சிட வேண்டும். இரண்டுக்கும் பெரிய செலவில்லை.